வெட்டுப்படாதவன்

டிசம்பர் 22

கால் வீக்கம் வற்றவில்லை. ஒன்பதாம் மாதம். எனக்கு அம்மா இல்லாததால் பிரசவம் மாமியார் வீட்டிலேயே. கூத்தாநல்லூரிலிருந்து சுமையா போன் பண்ணினாள்; மன்னார்குடி காலேஜில் என் பெஞ்ச்சுக்காரி. இருவரும் ஒரு வாரமாகப் பெயர் தேடுகிறோம். என் பெயர் வானதி. வான் தமிழ், நதி வடமொழி. சுமையா என்றால் அரபியில் உயர்ந்தவளாம். "அதான்டி நீ அஞ்சடிகூட வளரல" என்றேன். திட்டினாள்.

இந்த வீட்டில் யாரும் அர்த்தம் தேடவில்லை. பையன் என்றால் பெயர் முடிவாகிவிட்டது. ஜூலையில் வெட்டுப்பட்டுச் செத்த என் கணவரின் அண்ணன் பெயர். மூத்தார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. எழுதலாம்தானே? கோவிந்தராசு. பசுக்களைக் காப்பவன் என்று அர்த்தம். அவரிடம் இருந்ததோ ஒரு டிராக்டர்.

டிசம்பர் 30

அவரை வெட்டிய பங்காளி பரணிதரன் அக்டோபரிலேயே ஜாமீனில் வந்துவிட்டான். குறுவைக்குத் தண்ணீர் விடும் முறையில் தகராறு. யார் வயலுக்கு மடையைத் திறப்பது என்று பேச்சு முற்றி, அரிவாளை எடுத்துவிட்டான். பிடரியில் ஒன்று, கழுத்தில் ஒன்று. அன்றைக்குத் தண்ணீர் எங்கள் வயலுக்குத்தான் பாய்ந்தது. சிவப்பாக.

நாத்தனார் ரெத்தினம் என் வயிற்றில் கை வைத்துச் சொன்னாள்: "எந்தம்பி பேர வச்சாத்தான் இவன் வளந்து அந்த வேலைய முடிப்பான்."

தொட்டிலில் போடப்போவது பிள்ளையையா, அரிவாளையா?

ஜனவரி 20

பையன். கார்த்திகை முதல் பாதம். ஜோசியர் 'அ' என்ற எழுத்தில் வைக்கச் சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஜனவரி 25

சுமையா 'சலீம்' என்றாள். அரபியில் சேதம் எதுவும் படாதவன். "ஆனா ஒங்க வீட்ல வச்சா ஒன்னயும் வெட்டிப்புடுவாங்கடி." பிறகு நானே கண்டுபிடித்தேன்: அக்ஷத். வடமொழியில் உடையாதது, காயம்படாதது. கல்யாணத்தில் தலையில் தூவுகிற அட்சதையும் அதுதான், முனை முறியாத அரிசி. வேறு வேறு மொழிக்காரர்கள், ஆனால் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு இருக்கிற பயம் ஒன்றுதான்.

பிப்ரவரி 3

இவரிடம் சொன்னேன். அறைந்தார். "எங்கண்ணன் பேரு ஒனக்குக் கசக்குதா?"

"வாயால சொல்லக் கூடாத பேர வச்சிட்டு எம்புள்ளைய நான் 'ஏய்'னு கூப்புடவா? வெட்டுறதுக்கா பெத்தேன் இவன?"

மறுபடி கை ஓங்கினார். கையில் கிடைத்த செம்பால் அடித்தேன். நல்லா அடிச்சேன். புருவம் கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். பாவமாக இருந்தது என்று எழுதினால் பொய்.

பிப்ரவரி 18

பெயர் சூட்டு. அத்தைக்காரிதான் பிள்ளை காதில் மூன்று முறை சொல்ல வேண்டும். ரெத்தினம் சர்க்கரைத் தண்ணீரோடு தொட்டிலில் குனிந்தாள். அவள் வாயைத் திறக்குமுன் பிள்ளையைப் பறித்துக்கொண்டேன். அக்ஷத். முடியைப் பிடித்து இழுத்தாள். கொத்தாகக் கையோடு போயிற்று. அக்ஷத். தொட்டில் கம்பியில் முகம் மோதி உதடு கிழிந்தது. மூன்றாவது முறை சொல்லும்போது வாயெல்லாம் ரத்தம். ஆனால் சொல்லிவிட்டேன். காதில் ஓதிய பெயரை மாற்றக் கூடாது என்பது இவர்கள் வைத்த வழக்கம்தான்.

என் கணவர் அரவிந்தன் எழுந்து வரவில்லை. (அவர் பெயரையும் இங்கே மட்டும்தான் எழுத முடியும்.) எல்லாரும் போனபின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சரி, ஒம்புள்ள செய்ய வேணாம்" என்றார், மெதுவாக. ஜெயித்துவிட்டேன். எத்தனையோ மாதம் கழித்து இன்றுதான் பசிக்கிறது.

பிப்ரவரி 20

பரணிதரன வெட்டிட்டாரு. காலைல, அறுப்பு நடக்குற வயல்ல, ஆளுங்க எல்லாம் பாக்க. கழுத்து தொங்கிப்போச்சாம். அரிவாளோட நேரா ஸ்டேஷனுக்குப் போயிட்டாரு.

ஒம்புள்ள செய்ய வேணாம். அப்ப யாரு செய்யணும்? நான் ஏன் கேக்கல? ஒரு வார்த்தை கேட்டிருந்தா —

பிப்ரவரி 21

அவர்கள் ஆட்கள் எங்கள் வைக்கோல் போரைக் கொளுத்திவிட்டார்கள். பரணிதரன் மனைவி குந்தவை மாசமாக இருக்கிறாளாம்.

ரெத்தினம் என் தலையைத் தடவி, "எங்க வீட்டு ஆம்பளைடீ" என்றாள். பெருமையாக. அந்தக் கையைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது.

ஏப்ரல் 11

திருச்சி ஜெயிலில் பார்த்தேன். "அக்ஷத் நல்லா இருக்கானா?" என்றார். அந்தப் பெயரை அவர் சொல்லி முதன்முறை கேட்கிறேன். எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலை 14

குந்தவைக்கு ஆண் குழந்தை.

அக்டோபர் 23

தடுப்பூசி நாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நல்ல கூட்டம். இடமில்லாமல் குந்தவை என் பக்கத்தில்தான் உட்கார வேண்டியிருந்தது. நர்ஸ் கூப்பிட்டார்: "பரணிதரன்!"

குந்தவை பிள்ளையோடு எழுந்து போனாள். ஊசி போட்டதும் அது வீறிட்டது. "தம்பி... இல்லடா தம்பி..." என்று தட்டினாள். புருஷன் பெயரை எப்படிச் சொல்வாள்? திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

"ஒங்க புள்ள பேரு என்னங்க?"

"அக்ஷத்."

"அப்டின்னா?"

வெட்டுப்படாதவன் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது? "அரிசிங்க. அட்சதை அரிசி" என்றேன்.

"நல்லாருக்கு. இவனுக்கு அர்த்தமெல்லாம் பாக்கல. அவங்க அண்ணந்தான் வச்சாரு. எனக்கு வேணாம்னுதான் இருந்துச்சு. நான் சொல்லி யாரு கேக்குறா?"

சொல்லிவிட்டு அக்ஷத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். நான் முந்தானையை இழுத்து அவன் முகத்தை மூடினேன்.