சிக்கல் எண் 164

மார்ச் 4

கோபக்காரிக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். உன்னிடம் திட்டு வாங்குகிறவர்கள் நலமா என்பதுதான் கேள்வி.

போனில் பேசினால் நான்காவது நிமிடம் சண்டை வருகிறது, மூன்று மாதம் கடிதம் மட்டும் எழுதிப் பாருங்கள் என்று குடும்ப நீதிமன்ற ஆலோசகர் சொன்னதால் எழுதுகிறேன். பிரிகிறோமா இல்லையா என்று ஜூன் 10 அன்று இருவரும் போய்ச் சொல்ல வேண்டும். அதற்குள் பேனா பிடிக்கவாவது பழகிவிடுவேன்.

ஒரு வேடிக்கை கேள். உங்கள் மருத்துவமனையில் உன்னைப் போன்ற நர்ஸுகளுக்கும் மற்றவர்களுக்கும் டியூட்டி பட்டியல் போடும் மென்பொருள் மறுபடி என் மேஜைக்கு வந்திருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன் உங்கள் மாடிப்படிக்குக் கீழே, உடைந்த கட்டில்களுக்கு நடுவில் உட்கார்ந்து நான் பராமரித்த அதே சனியன். எங்கள் டீம் லீடர் புதுக் கருவி ஒன்று வாங்கியிருக்கிறார். நிரலுக்குள் 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்று எத்தனை கிளை பிரிகிறது என எண்ணிச் சொல்லும். அதற்குச் சிக்கல் எண் என்று பெயர். பத்துக்குள் என்றால் பச்சை, ஐம்பதைத் தாண்டினால் சிவப்பு. உங்கள் பட்டியலுக்கு வந்தது 164. அதைப் பெரிதாக அச்சடித்து காபி மெஷினுக்கு மேல் ஒட்டிவிட்டார்கள். காபி எடுக்க வருகிறவர்கள் என்னிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போகிறார்கள்.

இரண்டு சந்தேகம். பணி எண் 88-க்கு மூன்றாம் மாடி போடாதே என்று ஒரு கிளை இருக்கிறது. 52-க்கு மழைக்காலத்தில் காலை ஆறு மணி ஷிப்ட் போடாதே என்று இன்னொன்று. ஏன்?

இதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இங்கே மாற்றலாகி இரண்டு வருஷம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் பஸ்ஸில் வந்து, பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பியது பதினோரு தடவை. ஞாயிறு டியூட்டியை நீயே கேட்டு வாங்குகிறாய் என்று ஒப்புக்கொண்டால் பாதிச் சண்டை தீரும்.

இன்னும் கையெழுத்துப் போடாத
கணவன்


மார்ச் 13

மேதாவிக்கு,

உன் எழுத்தைப் படிக்க மருந்துக்கடைக்காரரைத்தான் கூப்பிட வேண்டும்.

88 சூப்பரிண்டெண்டின் மைத்துனி. லிப்டில் ஏறினால் தலை சுற்றுமாம். ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது. அந்த எண்ணைப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பாவம், அவளுக்கு மூன்றாம் மாடியே விழுவதில்லை. அங்கே இருக்கும் பொறுப்பாளர், "என் மூஞ்சி அவளுக்குப் பிடிக்கலை போல" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் குறைப்பட்டுக்கொள்கிறார். 52-இன் கணவர் எங்கள் மருத்துவமனை டைரக்டரின் கார் ஓட்டுகிறவர். மழை அவர்கள் வீட்டில் மட்டும்தான் பெய்கிறது போலிருக்கிறது.

துப்புரவுப் பெண்கள் முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்திக்காவது உன் மென்பொருளில் ஒரு கிளை இருக்கிறதா? பார்த்து எழுது.

ஞாயிறைப் பற்றி. நானா கேட்டு வாங்குகிறேன்? ஆறு வருஷமாக எனக்குப் புதன் மட்டும்தான் விடுமுறை. நீ மாற்றலாகிப் போனபின் ஞாயிறு கேட்டு நாயாய் அலைந்திருக்கிறேன். தலைமை நர்ஸம்மாதான் வஞ்சம் தீர்க்கிறார் என்று அவர்மேல் இரண்டு தடவை எழுத்தில் புகார் கொடுத்தேன். கேட்டால், "நானா போடறேன், கம்ப்யூட்டர் போடுது" என்கிறார். கம்ப்யூட்டருக்கு என்மேல் என்ன பகை? இதில் கூட வேலை செய்கிறவர்கள் எனக்கு மேலிடத்தில் ஆள் இருப்பதாகப் பேசிக்கொள்கிறார்கள். புதன்கிழமை மகாராணி என்று பெயர் வேறு.

இப்படிக்கு
மகாராணி


ஏப்ரல் 3

மகாராணி அவர்களுக்கு,

பார்த்துவிட்டேன். முப்பத்தொரு பேருக்கும் சேர்த்து ஒரே வரி, கடைசியில்: 'மற்றவர்கள், எங்கே காலியோ அங்கே.' ஆள்பலம் உள்ளவர்களுக்கு ஆளுக்கொரு கிளை. இல்லாதவர்களுக்கு மிச்சம்.

முழுதாகப் பிரித்து மாற்றி எழுதலாம் என்று டீம் லீடரிடம் சொன்னேன். "ஓடுற வண்டியை எதுக்குப்பா கழட்டறே? எனக்கு நம்பர் குறையணும், அவ்வளவுதான்" என்றார். சரி என்று அந்தப் பெரிய நிரலைப் பதினாறு துண்டாக வெட்டிவிட்டேன். இப்போது எந்தத் துண்டிலும் எண் 14-ஐத் தாண்டவில்லை. காபி மெஷின் மேலிருந்த 164-ஐக் கிழித்துவிட்டு 14 ஒட்டினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஒரு விஷயம்தான் உறுத்துகிறது. இந்த ஆறு வருஷத்தில் அதை 211 தடவை திருத்தியிருக்கிறார்கள். எங்கள் மற்ற மென்பொருள் எதையும் இவ்வளவு தடவை தொட்டதில்லை.

புகார் விஷயம் எனக்குத் தெரியாது. போனில் நாம் அதுவரை போனதில்லை.

கணவன்


ஏப்ரல் 11

கைதட்டியவருக்கு,

தெர்மாமீட்டரை ஐஸில் வைத்துவிட்டு நோயாளிக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்கிறாய். எண் குறைந்தது சரி. 88 மூன்றாம் மாடிக்குப் போனாளா? 52 மழையில் நனைந்தாரா?

துப்புரவுப் பெண் ஒருத்திக்கு நேற்று காலை ஆறு மணிக்கு நாலாம் மாடி, மதியம் பின்பக்கத்துக் கட்டடம். நடுவில் மூன்று மணி நேரம் சும்மா. உட்கார நாற்காலி கிடையாது. பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். "எங்கே காலியோ அங்கேன்னா, எனக்கு பக்கெட்தான் காலி சிஸ்டர்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எப்போது மாற்றி எழுத வேண்டும் என்று உனக்கு ஒரு கருவி வேண்டுமா? கட்டி பெரிதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எங்கள் சர்ஜன் கத்தியை எடுக்க மாட்டார். பெரிதாகவும் இருந்து, திரும்பத் திரும்பச் சீழும் வைத்தால் எடுப்பார். 211 தடவை கட்டுப் போட்ட புண்ணை வைத்துக்கொண்டு என்ன யோசனை உனக்கு?

மனைவி (ஜூன் 10 வரை)


ஏப்ரல் 28

கோபக்காரிக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. கையில் ஊசி எதுவும் இருக்க வேண்டாம்.

உன் சர்ஜன் சொல்வது சரி. டீம் லீடருக்குச் சொல்லாமல் எல்லாவற்றையும் புதிதாக எழுதிப் பார்த்தேன், ஓடுவது இன்னும் பழையதுதான். சலுகைக் கிளைகளை வெளியே எடுத்துவிட்டு, விடுமுறை முறைவைத்துச் சுற்றும்படி செய்தேன். இந்த மாதிரி வேலையில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வழக்கம். போன வருஷப் பட்டியல் முழுவதையும் இரண்டிலும் ஓட்டி, எங்கே வேறுபடுகிறது என்று பார்த்தேன். ஒரு ஆளுக்கு வேறு யாருக்கும் இல்லாத அளவு வேறுபாடு கொட்டிக் கிடந்தது. வருஷத்தில் ஐம்பத்திரண்டு புதன் விடுமுறை, ஒரு ஞாயிறுகூட இல்லை. பணி எண் 417.

அந்தக் கிளையை எழுதியது யார் என்று பார்த்தேன். என் பெயர் இருந்தது.

மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருந்த காலத்தில் எனக்குப் புதன் விடுமுறை. உன்னோடு டீ குடிக்கப் போக வேண்டும், உனக்கும் புதன் கிடைத்தால் நன்றாக இருக்குமே என்று 417-க்கு எப்போதும் புதன் என ஒரு வரி போட்டேன். பக்கத்திலேயே குறிப்பும் எழுதியிருக்கிறேன்: 'தற்காலிகம். அடுத்த மாதம் எடுத்துவிடவும்.'

எடுக்கவில்லை. டீ குடித்தோம், கல்யாணம் ஆயிற்று, மறந்தே போனேன். பதினோரு ஞாயிறும் உன் கதவைப் பூட்டி வைத்தவன் நான்தான். நானே பூட்டிவிட்டு உன்னோடு சண்டை போட்டிருக்கிறேன்.

உன் வரியை இன்றைக்கே எடுத்துவிடட்டுமா? ஒரு நிமிட வேலை.

கணவன்


மே 2

தலைமை நர்ஸம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு புகாரையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். யார் செய்த வேலை என்று கேட்டார். "எங்க வீட்டுக்காரர்" என்றேன். அந்தம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் பக்கத்து வார்டிலிருந்து ஓடி வந்துவிட்டார்கள். இப்போது மருத்துவமனை முழுக்கத் தெரியும். மகாராணிக்கு மேலிடத்தில் ஆள் இருந்தது உண்மைதான் என்று நிரூபணமாகிவிட்டது.

உன் ஒரு நிமிட வேலையைச் செய்யாதே. அன்றைக்கும் நீ என்னைக் கேட்கவில்லை. எனக்கு நல்லது என்று நீயே முடிவு பண்ணினாய். இந்த ஊரில் உள்ள பெரிய மனிதர்கள் எல்லோரும் அப்படித்தான் தங்கள் வீட்டாளுக்கு ஒரு வரி போட்டுவிட்டுப் போகிறார்கள். என்னுடையதை மட்டும் எடுத்தால் அது இரண்டாவது சலுகை. எடுப்பதென்றால் எல்லாவற்றையும் எடு. முடியாது என்றால் சொல், ஜூன் 10 வரை காத்திருக்க வேண்டாம்.


மே 18

அன்புள்ள கோபக்காரிக்கு,

எடுத்தாயிற்று.

ஆள் பெயரில் இருந்த சலுகைகள் மொத்தம் நாற்பத்து மூன்று. அவற்றை நிரலிலிருந்து பிடுங்கி ஒரு அட்டவணையில் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம் எழுத வேண்டும், எழுதாவிட்டால் அது செல்லாது. டியூட்டி பட்டியலுக்கு அடியிலேயே சலுகையும் காரணமும் அச்சாகும். உங்கள் தலைமை நர்ஸம்மாவிடம் ஒப்புதல் கேட்டு அனுப்பினேன். இரண்டு வருஷம் பழி சுமந்தவர் அல்லவா, அன்று மாலையே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். நாற்பத்து மூன்றில் காரணம் எழுத முடிந்தது ஆறுக்குத்தான். கர்ப்பிணிகள் இருவர், ஆஸ்துமாக்காரர் ஒருவர், முதுகு அறுவை சிகிச்சை ஆனவர்கள் மூவர். மற்ற முப்பத்தேழு பேரும் வரிசைக்கு வந்துவிட்டார்கள். துப்புரவுப் பெண்களும் இப்போது அதே வரிசையில்தான்.

சிக்கல் எண் 9. காபி மெஷின் மேல் யாரும் ஒட்டவில்லை. டைரக்டர் அலுவலகத்திலிருந்து போன் வந்ததாம். டீம் லீடர் என்னைக் கூப்பிட்டு, "நம்பரைக் குறைக்கச் சொன்னா ஊரையே திருத்தப் போயிட்டியா?" என்று கத்தினார். இப்போது நான் கார் நிறுத்துமிடத்துக்கு டோக்கன் போடும் மென்பொருளில் இருக்கிறேன். பட்டியலைப் பழையபடி மாற்ற ஆள் தேடுகிறார்கள். மாற்றுகிறவர் காரணம் எழுத வேண்டும் என்றதும் வருகிறவர்கள் எல்லோரும் பின்வாங்குகிறார்களாம்.

எனக்கு உன்னைப் பிரிய விருப்பமில்லை. இதை உன்னைக் கேட்டு முடிவு செய்யவில்லை, இது என் பங்குக்குச் சொல்வது மட்டும். உன் பங்கை நீ சொல்.

கணவன்


மே 29

உனக்கு,

புதுப் பட்டியல் வந்த அன்று வராந்தாவில் மீன் சந்தை. 52 தன் ஆறு மணி ஷிப்டைப் பார்த்துவிட்டு அச்சுப் பிழை என்றார். டைரக்டர் அலுவலகத்திலிருந்து வந்து பட்டியலைக் கிழித்தார்கள். அதற்குள் துப்புரவுப் பெண்கள் முப்பத்தொரு பேரும் போனில் படம் எடுத்து வைத்திருந்தார்கள். 88 மூன்றாம் மாடிக்குப் போனாள். பொறுப்பாளர் வெட்கப்பட்டு அவளுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாராம்.

என் விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் 10 என்ன கிழமை என்று பார்த்தாயா? புதன். பழைய பட்டியலாக இருந்தால் எனக்கு விடுமுறை, அலங்காரம் பண்ணிக்கொண்டு கோர்ட்டுக்கு வந்திருப்பேன். இப்போது அன்று எனக்கு டியூட்டி. தலைமை நர்ஸம்மா, "கோர்ட்டுக்குன்னு காரணம் எழுதும்மா, செல்லும்" என்றார். நான் எழுதவில்லை. வேண்டாம் என்று வக்கீலிடமும் சொல்லிவிட்டேன். தள்ளி வைக்கவா என்று கேட்டார். வேறு தேதியே வேண்டாம் என்றேன்.

ஞாயிறு என் முறைக்கு ஜூன் 28-இல்தான் வருகிறது. அதற்கு முந்திய தங்கள் ஞாயிறைத் தருகிறோம் என்று இரண்டு பேர் மாற்றிக்கொள்ளக் கூப்பிட்டார்கள், மறுத்துவிட்டேன். நீயும் அங்கிருந்து எதையாவது நோண்டி முன்னால் கொண்டுவராதே. பன்னிரண்டு மணி பஸ்ஸில் வந்தால் போதும், காலையில் நான் தூங்குவேன்.

மனைவி