புழுவுக்கு விட்ட நாலு வரிசை

துஷாந்தினி அப்பா,

சோறும் பருப்பும் அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன். நான் எம்பிலிப்பிட்டிய சந்தைக்குப் போகிறேன்.

தோட்டம் முழுக்கப் புழுவைக் கொல்லும்படி மரபணு மாற்றிய பருத்தி போட்டாலும், ஓரத்து நாலு வரிசை சாதாரணப் பருத்தியைப் புழுவுக்கென்றே விடச் சொன்னார் பருத்தி ஆராய்ச்சிக்கு வரும் மாத்தையா. அங்கே வளரும் புழு பூச்சியாகி வந்து இணை சேர்ந்தால்தான், மாற்றிய செடியைத் தின்றும் சாகாத புழு பெருகாமல் இருக்குமாம். பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினீர்கள். அப்புறம் "இலையில ஓட்ட இருந்தா பாக்குறவன் சிரிப்பான்" என்று இரண்டு போகமும் கள்ளமாக மருந்தடித்தீர்கள். தேயிலைத் தோட்டத்தில் ஆள் மேய்த்த கங்காணி வேலை போயும் கங்காணி புத்தி போகவில்லை.

பத்து மணிக்கு அவர் அந்த வரிசையில் புழு எண்ண வருகிறார். தேத்தண்ணி கொடுத்து, நீங்களே எண்ணிக் காட்டுங்கள்.

பி.கு.: மாற்றிய செடியிலேயே கொழுத்த புழு ஒன்று காலையில் கிடைத்தது. ஜாம் போத்தலில் இருக்கிறது. "நான் வளத்ததுங்க" என்று சொல்லிக் கொடுங்கள்.