அந்தப் பத்து நிமிட ஹோல்டு

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகைக்கு ஆட்கள் கிளம்பியதும் நம் தோல் ஃபேக்டரியில் டிரையர் அலாரம் கத்த ஆரம்பித்தது. இத்தனை வருடம் ஆகியும் பழக்கத்தில் உன் நாற்காலிப் பக்கம் திரும்பி, "டேய், பார்றா" என்று சொல்லியும் விட்டேன். நாற்காலியில் என் சாப்பாட்டுப் பைதான் இருந்தது.

உனக்குத் தெரியாததா? பெயின்ட் அடித்த தோல் ஒவ்வொன்றாக டிரையரை விட்டு வரும்போது, மேலே இருக்கும் சென்சார் தொடாமலே அதன் சூட்டைப் பார்க்கும். இரண்டு தோலுக்கு நடுவே இடைவெளி வந்தால், சூடு இறங்கிவிட்டது என்று அலறும். அதற்காகத்தான் ஹோல்டு. கடைசியாகப் பார்த்த சூட்டை, அடுத்த சூடான தோல் வரும்வரை, நாம் வைத்த நேரத்துக்குப் பிடித்து வைத்திருக்கும். மற்ற நாளில் பன்னிரண்டு விநாடி போதும். வெள்ளி மதியம் தோல் வைக்கிறவர்களில் பாதிப் பேர் தொழுகைக்குப் போய்விடுவதால் இடைவெளி கூடும். நீ முப்பது விநாடியாக்கிவிட்டு, அவர்கள் திரும்பும்வரை அங்கேயே நின்று வருகிற தோலையெல்லாம் புறங்கையால் தொட்டுப் பார்ப்பாய்.

"இன்னாடா, தோலுக்கு ஜுரம் பாக்கிறியா?" என்று நான் கிண்டல் செய்வேன்.

"நீ போய்த் துன்னு. நான் பாத்துக்கறேன்."

ஒரு வெள்ளி நீ ஸ்டோருக்குப் போயிருந்தாய். நான் தனியாக இருந்தேன். அலாரம் பேஜார் பண்ணியது, எனக்கோ பசி. ஹோல்டைப் பத்து நிமிடமாக்கிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தேன். அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஹீட்டர் நின்றுபோனது. சூடில்லாத தோலையும் இடைவெளி என்றே எடுத்துக்கொண்டு, டிஸ்பிளே பழைய சூட்டையே காட்டிக்கொண்டிருந்தது. ஈரம் காயாத தோல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கில் ஏறி ஒட்டிக்கொண்டன. பிரித்தால் பெயின்ட் உரிந்து வந்தது.

"யாரு செட்டிங்க மாத்தினது?" என்று மேனேஜர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், ஸ்டோரிலிருந்து திரும்பியிருந்த நீ, "நான்தான் சார்" என்றாய்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து இழுத்தாய். "வாய மூடு. உனுக்கு இன்னும் பர்மனென்ட் ஆவல. என்னைத் திட்டிட்டு வுட்டுடுவாங்க."

விடவில்லை. சுண்ணாம்பும் ஈரமுமாக இருக்கும், தோல் ஊறவைக்கிற டிரம் பக்கம் உன்னை மாற்றினார்கள். அடுத்த மாதமே நான் பர்மனென்ட் ஆனேன். அதற்குப் பிறகு உன்னைக் கேட்டில் பார்த்ததோடு சரி. நீ கையைத் தூக்குவாய். "அப்புறம் பேசலாம்டா" என்று நான் நழுவிவிடுவேன். வெட்கம்தான், வேறென்ன. மூன்று வருடம் அப்படியே ஓட்டினேன். பிறகு உனக்கு நெஞ்சுவலி என்றார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

போன மாதம் பள்ளிகொண்டாவில் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி டீ கொடுத்தார். ஆறுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வீட்லயும் தான்தான் மாத்தினதா சொன்னாரு" என்றார். "ஒரு வேலைய ஒழுங்கா பாக்கத் தெரியாத ஆளுன்னு, சொந்தக்காரங்க முன்னாடிலாம் சொல்லிக் காட்டுவேன். சிரிச்சிக்கினே போய்டுவாரு."

 பிறகு கேட்டார்: "நான் பேசினதெல்லாம் இப்ப இன்னா பண்றதுண்ணா?"

 அவருக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும்டா. அதைக் கேட்க உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?