எல்லார் கையும் பட்ட பந்து

உனக்கு,

நேற்று ஓட்டுப் போடப் போனேன். வாக்குச்சாவடி, பக்கத்துப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம். கதவைத் திறந்ததும் ரப்பர் விரிப்பும் பழைய வியர்வையும் கலந்த வாசனை. வரிசையில் நின்றபடியே மனசுக்குள் உன்னோடு பேசத் தொடங்கிவிட்டேன். நீ கண்மூடிய பிறகு வரும் முதல் குளிர்காலம் இது.

எழுபதுகளின் தொடக்கம். ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட் நகரில் நாம் இருவரும் ஒரே அறையில் இருந்தோம். நான் ஆய்வுக்கூடத்துக்குப் போவேன். நீ உடற்கல்வி ஆசிரியப் பயிற்சிக்காக ஒரு பள்ளிக்குப் போவாய். உன் வகுப்பில் ஐஷே என்றொரு சிறுமி. துருக்கியிலிருந்து வேலைக்கு வந்தவரின் மகள். வாரந்தோறும் விளையாட்டுக் காலணியை மறந்துவிட்டதாகச் சொல்லி பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாள். சோம்பேறி என்றார் மூத்த ஆசிரியர்.

"சோம்பேறி இல்லடி," என்றாய் என்னிடம். "டீம் பிரிக்கும்போது கடைசி வரைக்கும் அவதான் நிக்கறா. அப்படி நிக்கறதுக்கு ஷூ இல்லாம உக்காந்திருக்கறதே மேல்னு நினைக்கறா."

அதனால், பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஆட்டத்தில் ஒரு விதி கொண்டுவந்தாய்: அணியில் எல்லார் கையிலும் பந்து பட்ட பிறகுதான் கோல் கணக்கில் வரும். அன்று காலை பாட்டு முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினாய். மாலையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாய். அவள் கையில் பட்டால் போதுமென்று பிள்ளைகள் பந்தை ஓங்கி எறிந்திருக்கிறார்கள். அவள் விரல் முறிந்துவிட்டது.

"அவள நடுவுல கொண்டுபோய் நிறுத்தினது நான்தானே," என்றாய். தேநீர் போட்டுத் தந்தேன். நீ தொடவில்லை.

சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாய். கட்டுப் போட்ட கையோடு அவளே கதவைத் திறந்தாள். நீ மன்னிப்புக் கேட்டாய். அவள் தரையைப் பார்த்தபடி, தட்டுத்தடுமாறிய ஜெர்மனில் சொன்னாள்: "விதிக்காக எனக்குப் பந்து தர வேண்டாம். யாராவது என்னைக் கூப்பிட்டால் போதும்."

விதியை எடுத்துவிட்டாய். கோல் எண்ணுவதையும் விட்டாய். அணிகளை நீயே பிரித்தாய். ஜெயிக்க எதுவும் இல்லையென்றால் யார் ஓடுவார்கள் என்று கோபப்பட்ட மூத்த ஆசிரியர், உன் மதிப்பெண்ணைக் குறைத்தார். கட்டுப் பிரித்த பிறகு ஐஷே காலணியோடு வந்தாள். "ஐஷே, இங்க வா!" என்று ஒரு சிறுமி கத்தினாளாம். இதைக் கேட்டு நான் கைதட்டினேன். நீ சிரிக்கவில்லை.

"ஒருத்திதான்டி கூப்பிட்டா. மத்தவங்க?"

நீ ஓய்வு பெறும் வரை அந்தக் கேள்வி உன்னை விடவில்லை. இப்போது அது என்னிடம் இருக்கிறது. கூட்டத்தில் ஓரமாக ஒருவர் நின்றால் அழைக்க வாயெடுக்கிறேன். உடனே ஒரு தயக்கம். இவர் வேண்டும் என்று கூப்பிடுகிறேனா, கூப்பிட வேண்டுமே என்று கூப்பிடுகிறேனா? பல நேரம் எனக்கே தெரிவதில்லை. தெரியாமலேதான், பெயரைக் கேட்டு, கூப்பிடுகிறேன்.