ஏழு ஒன்றுகள்

10-11-86, திங்கள்
காலையிலிருந்து தூறல். பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நடந்து சேலையெல்லாம் சேறு.

தருமபுரி கணிதக் கண்காட்சிக்கு என் சார்ட் தயார். 1111111. ஏழு ஒன்றுகள். கீழே ‘பகா எண்’ என்று இந்தியன் இங்க் மையில். 2 முதல் 233 வரை ஐம்பத்தோரு பகா எண்கள், நோட்டில் கையால் வகுத்தது. எல்லாவற்றிலும் மீதி வந்தது. வர்க்கமூலம் 1054, அதுவரை போயிருக்க வேண்டும். மாதத் தேர்வுத் தாள்கள் வந்துவிட்டன, நிறுத்தினேன். இவ்வளவு தூரம் வகுபடாதது இனியா வகுபடும்?

10-பி பிள்ளைகள் சந்தேகம் கேட்க ஜமீலா டீச்சரிடம் போகிறார்கள். ஜூனில் வந்தவள். 10-பி என் வகுப்பு. பன்னிரண்டு வருடமாக.

11-11, செவ்வாய்
ஆசிரியர் அறையில் நானும் ஜமீலாவும் மட்டும். சார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. இது 239-ல போகுதுங்க.”

“எத்தனை போட்டுப் பாத்தீங்க?”

“எட்டுங்க. எட்டாவதா 239.”

“தெரியும். மாத்தத்தான் வெச்சிருக்கேன்” என்றேன். பொய்.

வீட்டுக்கு வந்ததும் வகுத்தேன். ஈவு 4649. மீதி 0. 233-க்கு அடுத்த பகா எண்ணே 239. இன்னும் ஒன்று போட்டிருந்தால்! குழம்பு அடிப்பிடித்தது.

சாப்பிடும்போது இவர்: “அந்த ஜமீலா டீச்சர் நல்லா சொல்லித் தர்றாங்களாமே. எங்க மில்லுல ஒருத்தர் வூட்டுப் புள்ள அங்கதான் படிக்குது.”


12-11, புதன்
புது சார்ட். 239 × 4649 = 1111111. தலைமையாசிரியை வந்து பார்த்தார்.

“நீங்களே கண்டுபிடிச்சதா?”

“ஆமாங்க.”

பக்கத்து மேசையில் ஜமீலா நோட்டு திருத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. சண்டைக்காவது வந்திருக்கலாம்.

15-11, சனி
கண்காட்சி. எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். நடுவராக ஒரு கல்லூரிப் பேராசிரியர்.

“எப்படிம்மா புடிச்சீங்க?”

“ஒவ்வொண்ணா வகுத்துங்க.”

“சுருக்கு வழி ஏதாச்சும்?”

ஜமீலா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் விழிப்பதை அவள் பார்க்கிறாளே என்றுதான் இருந்தது.

“இது இவங்க கண்டுபிடிச்சதுங்க” என்று சொல்லிவிட்டேன். நல்ல மனசால் அல்ல. இன்னொரு கேள்வி வந்துவிடும் என்ற பயத்தால்.

சாக்பீஸ் எடுத்து விளக்கினாள். ஏழு ஒன்றுகள் என்பதால், வகுக்கிற பகா எண்ணில் ஒன்றைக் கழித்தால் ஏழால் வகுபட வேண்டுமாம். அப்படிப்பட்டவை 29, 43, 71, 113, 127, 197, 211, 239. அவ்வளவுதான். பேராசிரியர் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். முதல் பரிசு. மேடையில் அவள் பெயர் மட்டும்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் இடத்தை எனக்கு விட்டாள்.

“உங்க நோட்டைப் பாத்தேன் டீச்சர். அம்பத்தோரு வகுத்தல், ஒண்ணுல கூட தப்பில்லீங்க. எனக்கு அந்தப் பொறுமை வராது.”

கிண்டல் இல்லை. கிண்டலாக இருந்திருந்தால் நிம்மதி. தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன், தருமபுரியிலிருந்து பாலக்கோடு வரை.

16-11, ஞாயிறு
நல்ல வெயில். துணி துவைத்தாயிற்று. ரேஷன் அட்டையைத் தேட வேண்டும்.

பதினொரு ஒன்றுகள் தொடங்கினேன். ஒன்றைக் கழித்தால் பதினொன்றால் வகுபட வேண்டும். 23, 67, 89. மூன்றிலும் மீதி. அடுத்தது 199.

வழி அவளுடையது. அவளிடம் சொல்லப் போவதில்லை.