குட்டிப் பேசின்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். நீயும் சின்னவளும் சுகமென்று பதில் வந்தால் இன்னும் சுகம்.

போன வாரம் மியூசியத்தில் பெட்டி இறக்கும்போது ஒரு பலகை சரிந்தது. பயப்படாதே, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. கம்பெனி ஹெல்மெட்தான் விரிசல் விட்டது.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெட்டிக்குள்ளும் ஒரு தலைக்கவசம்தான். அறுநூறு வருஷத்து இரும்பு. "இதுக்குப் பேரு பாசினெட். குட்டிப் பேசின்னு அர்த்தம்," என்றார் பழஞ்சாமான்களுக்குப் பொறுப்பான அம்மா. நீ மாவு பிசைகிறாயே, அதே பேசின்தான். உயிரைக் காக்கிற சாமானுக்கு அடுப்படியிலிருந்து பேர் எடுத்திருக்கிறார்கள்.

விளிம்பெல்லாம் சின்னச் சின்ன ஓட்டைகள். "உள்ள துணி வச்சுத் தைக்கிறதுக்கு. இல்லன்னா அந்த இரும்பே மண்டையப் பதம் பாத்துடும்," என்றார். துணி எப்போதோ மக்கிவிட்டது. தைத்த கை யாருடையதோ என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

புது ஹெல்மெட், நெற்றியில் டாக்டர் போட்ட தையல்மேல் உரசுகிறது. சின்னத் தையல்தான். உன் பழைய பருத்திச் சேலையில் ஒரு துண்டு கிழித்து, மடித்துத் தைத்து அனுப்பு.

லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். சேலையைத் துவைத்துவிடாதே, கட்டி அவிழ்த்தபடியே அனுப்பு.

உன்னவன்