விரால் இரை எடுக்கவில்லை

786

பேகம்பூர்,
திண்டுக்கல்.

கண்ணான மகன் முகமது யாசினுக்கு அம்மா நசீம் பானு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் அத்தாவும் அல்லாஹ்வின் கிருபையில் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், உன் அக்கா நஸீரா வீட்டிலும் எல்லோரும் சுகம். நீ நிற்கிற இடம் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும் என்றுதான் ஐந்து வேளையும் கையேந்துகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய், உன் போன்தான் வரவே இல்லையே. போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை பேசினாய், கடல் இன்னிக்கு ஒரு மாதிரியா இருக்கும்மா என்றாய், பாதியில் அறுந்துபோனது, அதோடு சரி. மறுநாள் அந்தப் பக்கம் புயல் என்று டிவியில் ஓடியது. நாங்கள் அடித்தால் ஒரு பெண் குரல் அரபியில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுகிறது. அடுத்த தெரு அல் அமீன் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறான். அவன் வேலை பார்க்கிற கரையிலிருந்துதான் உங்கள் எண்ணெய்க் கிணற்று மேடைக்குச் சாமான் படகு போகிறதாம், அதில் கடுதாசிய எப்படியும் சேத்துருவேன் மாமி, டவர் கோளாறாத்தான் இருக்கும், பயப்படாதீங்க என்றான். பயப்படாதீங்க என்று அவன் சொன்ன பிறகுதான் எனக்குக் கூடுதலாகப் பயம் வந்தது. நீ அகரம் குளத்தில் இடுப்பளவு தண்ணீரைத் தாண்டாத பிள்ளை, உன்னைக் கொண்டுபோய் நடுக்கடலில் நிறுத்திவிட்டு நான் இங்கே எப்படி நிம்மதியாக இருப்பேன், நீயே சொல்.

உன் விராலைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வந்தேன். அகரம் குளம் வற்றின வருஷம் சேற்றிலிருந்து விரல் நீளக் குஞ்சாக நீ டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தது இப்போது என் முழங்கைக்கும் மேலே நீளம், உடம்பும் தொடை கனம். தொட்டியில் இருந்த கலர் மீனையெல்லாம் ஒவ்வொன்றாக முழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் நின்றதே, அதே முகம்தான் இன்னும். ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டு நீ வாங்கி வைத்த ஆறடித் தொட்டியிலும் அதற்குத் திரும்ப இடம் போதவில்லை. ராத்திரி பகல் பார்க்காமல் எம்பி மூடியில் மோதுகிறது, அதற்காக ஆட்டுக்கல் குழவியைத் தூக்கி மூடிமேல் வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு மெஹராஜ் வருகிறபோதெல்லாம் குழம்புக்கு எத்தனை கிலோ தேறும் என்று கண்ணாலேயே எடை போடுகிறாள். எனக்கு ஆரம்பத்திலிருந்தே அதைக் கண்டால் ஆகாது, அந்தக் கண்ணும் அந்தப் பல்லும். ஆனால் நீ கிளம்புகிற அன்று பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இதைப் பட்டினி போட்டுறாதீங்கம்மா, இது தின்னா நான் தின்ன மாதிரி என்று சொல்லிவிட்டுப் போனாய். நீ சும்மா சொன்னாய், எனக்கு அது சும்மாவாகப் போகவில்லை. தினமும் சாயங்காலம் அசர் தொழுதுவிட்டுக் கோழி ஈரலை நறுக்கிப் போடுவேன், லபக்கென்று வாங்கும், என் பிள்ளை சாப்பிட்டுவிட்டான் என்று வயிறு குளிரும்.

உன் போன் அறுந்துபோன மறுநாளிலிருந்து அது இரை எடுக்கவில்லை. ஈரல் போட்டேன், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பொடி மீன் வாங்கி உயிரோடு விட்டேன், அதன் மூக்குக்கு முன்னாலேயே அவை ஓடி விளையாடின. ஒரு மூலையில் அப்படியே நிற்கும், எப்போதாவது மேலே வந்து ஒரு வாய் காற்றுக் குடித்துவிட்டு இறங்கும். அது மேலே வரத் தாமதமானால் எனக்கு மூச்சு முட்டும். எனக்குச் சோறு இறங்கவில்லை யாசின், உலை வைப்பேன், இறக்குவேன், உன் அத்தாவுக்குப் போடுவேன், அவ்வளவுதான். சகுனம் பார்ப்பது நம் மார்க்கத்தில் இல்லை என்று உனக்கு ஓதிக் கொடுத்ததே நான்தான், ஆனாலும் கால் தானாகத் தொட்டிப் பக்கம் போகிறது. அடக்க முடியாமல் உன் அத்தாவிடம் சொன்னேன். அவருக்கு வந்ததே கோபம், என்னடி நீ, மீனப் பாத்தா மகன் கதியத் தெரிஞ்சுக்குவ, மீனுக்கு என்ன தெரியும், தவ்பா செய் மொதல்ல, அல்லாகிட்ட மன்னிப்புக் கேளு, அவன் கம்பெனியில ராசா மாதிரி இருப்பான் என்று அப்படி ஒரு வசவு. திட்டு வாங்கினாலும் எனக்கு அது தெம்பாகத்தான் இருந்தது, மனுஷன் இம்புட்டு அழுத்தமாகச் சொல்கிறாரே என்று. அன்றைக்கு அவர் ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தார், தோல் மண்டியில் கத்தி பட்டுவிட்டது என்றார். உப்புப் போட்ட தோலில் நாளெல்லாம் கை வைக்கிற வேலை, எரிச்சல் தாங்காமல் உஸ் உஸ் என்றாரே தவிர மண்டிக்கு மட்டம் போடவில்லை.

புதன்கிழமை மதியம் அவர் சாப்பிட வந்தார், சோற்றைப் போட்டுவிட்டு நான் உள் அறையில் லுஹர் தொழப் போய்விட்டேன். ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்து உனக்காகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், ஹாலில் தொம்மென்று ஒரு சத்தம். விரால் மூடியைத் தள்ளிவிட்டு வெளியே குதித்துவிட்டது என்றே நினைத்தேன். எப்படியோ சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டு ஓடினால், குழவி தரையில் கிடக்கிறது, மூடி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, உன் அத்தா ஸ்டூலில் நின்றுகொண்டு சட்டைக் கையை மடக்கிவிட்டு ஆட்டு ஈரலைத் துணி சுற்றின விரலோடு தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறார். தின்னுடா யாசினு, தின்னுடா அப்பு என்கிறார். அதுவும் வாங்கித் தின்கிறது. என்னைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார், தண்ணீர் சொட்டுகிறது. கத்தி பட்டதெல்லாம் இல்லை, கடித்தது அதுதான். உன் போன் அறுந்த மறுநாள் அது தின்கிறதா என்று ஒரு தடவை போட்டுப் பார்த்தாராம். தின்னுச்சு, ஆனா மனசு கேக்கல, அடுத்த நாளும் பாத்தேன், ஒன்னைய வேற வஞ்சுபுட்டேன், அப்புறம் எப்படிச் சொல்றது என்றார். நான் தொழப் போகிற நேரம் பார்த்துத் தினமும் மதியம் வயிறு முட்டக் கொடுத்திருக்கிறார், சாயங்காலம் அதற்கு எங்கே பசிக்கும்.

கேட்டதும் சிரிப்புத்தான் வந்தது எனக்கு, அவரும் சிரித்தார். அப்புறம் இரண்டு பேராலும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியவில்லை. இத்தனை நாள் நான் பயந்தேனே, அது அவர் பயப்படவில்லை என்கிற தைரியத்தில் பயந்த பயம். இப்போது இந்த வீட்டில் பயப்படாத ஆள் யாரும் இல்லை. இப்போதெல்லாம் மதியம் இருவரும் சேர்ந்தே போடுகிறோம், அவர் மூடியைத் தூக்கிப் பிடிக்கிறார், நான் இடுக்கியால் கொடுக்கிறேன், நன்றாகத் தின்கிறது. ஆனால் போன் வரவில்லையே யாசின். அது தின்னாமல் இருந்தபோது பயமாக இருந்தது, இப்போது அது தின்று கொழுத்திருக்கிறது, உன்னைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை, இது அதைவிடப் பயமாக இருக்கிறது. மீனுக்கு என்ன தெரியும் என்று அத்தா சொன்னது சரிதான், அது சரி என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

லைஃப் ஜாக்கெட்டைத் தூங்கும்போதும் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துக்கொள். ஓரத்தில் நின்று போன் பேசாதே. வெறும் வயிற்றோடு மேலே ஏறாதே. பூண்டு ஊறுகாயும் கறிவேப்பிலைப் பொடியும் அல் அமீனிடம் கொடுத்திருக்கிறேன், மற்றவர்களுக்கும் கொடுத்துச் சாப்பிடு. இது கைக்கு வந்ததும் வேறு ஒன்றும் எழுத வேண்டாம், சாப்பிட்டேன் என்று ஒரு வார்த்தை உன் கையெழுத்தில் எழுதி அதே படகில் திருப்பி அனுப்பு, அல் அமீன் அதைப் போட்டோ எடுத்து அனுப்புவான். என் பெயர் போடாதே, அத்தா பெயர் போட்டு எழுது. போன் சரியானாலும் முதலில் அவரிடம் பேசு, அவர் இந்தா ஒங்க அம்மா என்று உடனே என்னிடம் தள்ளிவிடுவார், விடாதே, செத்த நேரம் அவரையும் பேச வை. நான் சொல்லிக் கொடுத்தேன் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதே. தண்ணீருக்கும் காற்றுக்கும் சொந்தக்காரன் உன்னைக் கரை சேர்த்து என் கண்ணில் காட்டுவானாக, ஆமீன்.

உன் வரவை எதிர்பார்த்து வாசலையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா,
நசீம் பானு

உறை ஒட்டுகிற நேரத்தில் உன் அத்தா வந்து நின்றார். நீங்களும் ஏதாவது எழுதுறீங்களா என்று கேட்டேன். நான் என்ன எழுத, மீன் நல்லாத் திங்குதுன்னு மட்டும் எழுது என்றார். எழுதிவிட்டேன்.